மாங்காய் மலிந்தால்: வற்றலா, ஊறுகாயா?

ஒரு படுக்கையறை வீடு, சமையலறையில் ஒற்றைப் பரண். சித்திரையில் மலிவாய்க் கிடைக்கிறதே என்று 5 கிலோ மாங்காய் வாங்கியாயிற்று. இனி?

இடம்தான் கவலை என்றால் வற்றல். மாங்காயில் பெரும்பகுதி தண்ணீர். உப்பில் பிசிறி ஐந்தாறு நாள் நல்ல வெயிலில் கிடந்தால் மொத்தமும் இரண்டு பாட்டிலுக்குள் சுருண்டுவிடும். ஆனால் மொட்டை மாடி வேண்டும். அதன் சாவி வீட்டுக்காரரிடம் என்றால் பாதி ஆசை அங்கேயே போச்சு. பால்கனிக் கம்பி நிழலில் அரைகுறையாய்க் காய்ந்தது ஐப்பசி மழைக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

ஊறுகாய்க்கு மாடி கட்டாயமில்லை, ஜாடிக்கு இடம் வேண்டும். பரணில் ஏற்றாதீர்கள், கனம், தவிர தினமும் ஸ்டூல் போட்டு யார் ஏறுவது? அடுப்புச் சூடு படாத கீழ்த்தட்டு போதும். துண்டுகளுக்கு மேல் ஒரு விரற்கடை எண்ணெய் நிற்கட்டும். அன்றாடத்துக்குச் சின்ன பாட்டிலில் பிரித்துக்கொண்டால் ஈரக் கரண்டி பெரிய ஜாடிக்குள் போகாது. மாங்காயைக் காப்பது அதன் புளிப்பும் உப்பும்தான்: புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே இருந்தால், அடைத்த பாட்டிலில் கொடிய நஞ்சை உண்டாக்கும் பொட்டுலிசக் கிருமி வளராது. இதை நம்பிக் காய்கறிக் கூட்டையும் பாட்டிலில் அடைத்து வெளியே வைத்துவிடாதீர்கள். புளிப்பில்லாத உணவுக்கு அதற்கென்றே உள்ள அழுத்தக் கலனில் ஏறத்தாழ 121 டிகிரி சூடு வேண்டும். நம் வீட்டுக் குக்கர் அதற்கு ஆகாது.

என் வீட்டில் ஊறுகாய்தான். வற்றல், மாடி வைத்திருக்கும் அக்கா கொடுத்தனுப்புவது.