திண்டுக்கல் சுருட்டும் பர்மாச் சுருட்டும்

யாங்கோனில் (பழைய ரங்கூன்) நம்மவர்கள் இரண்டையும் சுருட்டு என்றுதான் சொல்வார்கள். மண்ணும் இலையும் வேறு. திண்டுக்கல் பக்கத்துப் புகையிலை செம்மண்ணில், கிணற்றுப் பாசனத்தில் விளைவது. இலை தடிப்பு, காரம் தூக்கல். பாசன நீரில் குளோரைடு உப்பு ஏறிவிட்டால் இலை ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். சுருட்டு பாதியில் அணையும். சாம்பல் சத்து (பொட்டாசியம்) உள்ள மண் என்றால் சீராக எரியும்.

பர்மாவின் ஐராவதி ஆற்றில் வெள்ளம் வடிந்ததும் வண்டல் படுகையில் புகையிலை நடுகிறார்கள். ஆனால் பர்மாச் சுருட்டின் மேலுறை புகையிலையே அல்ல, ஷான் மலையின் தனப்பெட் மர இலை. அதைச் சூட்டில் காயவைத்து மட்டமாக்கி, நறுக்கிய புகையிலையோடு தண்டுத் துண்டும் கலந்து சுருட்டி, வாய்ப்பக்கம் சோளமட்டைச் சுருளைச் செருகுவார்கள். காரம் குறைவதற்கு இந்தக் கலவைதான் முக்கியக் காரணம். வண்டலை மட்டும் புகழ்வது நியாயமில்லை. மண்ணின் குணத்தை நேராக அறிய, முழுக்கப் புகையிலையான திண்டுக்கல் சுருட்டே தோது.