துப்புத் துலங்காத கொலைகளுக்கு ஒரு புது இதழ்: வாங்கலாமா?

பழைய, துப்புத் துலங்காத கொலைகளுக்கென்றே இங்கிலாந்திலிருந்து ஒரு இதழ் வரப்போகிறது என்று காதில் விழுந்த நாளிலிருந்து நம்மைப் போன்ற நாலு பைத்தியங்கள் காத்துக்கொண்டிருந்தோம். முதல் இதழ் வந்துவிட்டது. படித்தும் முடித்துவிட்டேன், ஒரு தடவை இல்லை, முக்கியக் கட்டுரையை மட்டும் மூன்று தடவை.

முதலில் வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். அச்சுப் பிரதிக்குத் தபால் செலவே இதழின் விலையைத் தாண்டுவதால் பிடிஎஃப்தான் வாங்கினேன். கார்டு இரண்டு தடவை திரும்பி, மூன்றாவது தடவை போனது. போனில் படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை என்று தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து இரு பக்கமும் அச்சடித்து ஸ்பைரல் போட்டு வாங்கினேன். கடைக்காரர் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார், கேஸ் ஏதாவது நடக்குதா?" என்று கேட்டார். நடக்கிறது, 1931இலிருந்து நடக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு ஒரே பயம்தான் இருந்தது: மறுபடியும் ஜாக் தி ரிப்பரை வைத்தே முழு இதழையும் ஓட்டிவிடுவார்களோ என்று. 1888 ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் 9 வரை லண்டன் வொயிட்சேப்பல் பகுதியில் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டதை வைத்து இளவரசர், அரண்மனை வைத்தியர், ஓவியர் என்று ஆளாளுக்கு ஒருவரைக் கைகாட்டிப் புத்தகம் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் "இதோ பிடித்துவிட்டேன்" என்று ஒரு அட்டைப்படம். அந்த வகை எழுத்து எனக்கு அலுத்துவிட்டது. நல்ல வேளை, இதில் ரிப்பருக்கு ஒரே ஒரு சின்னக் கட்டுரைதான், அதுவும் கொலையாளியைப் பற்றி இல்லை. 1888 செப்டம்பர் 25 என்று தேதி போட்டு, கொலையாளியே எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு சென்ட்ரல் நியூஸ் ஏஜென்சிக்கு வந்த சிவப்பு மைக் கடிதத்தைப் பற்றியது. ரிப்பர் என்ற பெயரே அதில்தான் முதலில் வருகிறது. பத்திரிகைக்காரர் ஒருவரே எழுதியிருக்க வேண்டும் என்று அன்றைய போலீஸ் பெரிய அதிகாரிகளே சந்தேகப்பட்டார்கள். அப்படியானால் உலகமே சொல்லும் அந்தப் பெயர் ஒரு செய்தி வியாபார உத்தி. கட்டுரை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது, யார் எழுதியது என்று அடித்துச் சொல்லவில்லை. எனக்கு இதழின் மேல் நம்பிக்கை வந்தது அங்கேதான்.

சரி, முக்கியக் கட்டுரைக்கு வருவோம். லிவர்பூல், வாலஸ் வழக்கு. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வில்லியம் ஹெர்பர்ட் வாலஸ், வயது 52, புருடென்ஷியல் கம்பெனியில் வீடு வீடாகப் போய்ப் பிரீமியம் வசூலிக்கும் ஏஜென்ட், செஸ் பிரியர். 1931 ஜனவரி 19, திங்கள் மாலை, அவர் வருவதற்கு முன்பே செஸ் கிளப்புக்கு ஒரு போன். பேசியவர் பெயர் குவால்ட்ரோவாம். நாளை இரவு ஏழரைக்கு, 25 மென்லவ் கார்டன்ஸ் ஈஸ்ட் என்ற முகவரிக்கு வாலஸ் வர வேண்டும் என்று கிளப் கேப்டனிடம் தகவல் சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் வாலஸ் டிராம் மாறி மாறி அந்தப் பக்கம் போகிறார். மென்லவ் கார்டன்ஸ் நார்த் இருக்கிறது, சவுத் இருக்கிறது, வெஸ்ட் இருக்கிறது. ஈஸ்ட் மட்டும் கிடையவே கிடையாது. வழியில் பார்த்தவர்களை, ஒரு போலீஸ்காரரைக்கூட, விசாரித்துவிட்டுத் திரும்புகிறார். வந்து பார்த்தால் கதவு திறக்க மறுக்கிறது, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது திறந்துகொள்கிறது, உள்ளே முன்னறையில் மனைவி ஜூலியா மண்டை உடைந்து கிடக்கிறார். உடலுக்கு அடியில் வாலஸின் சொந்த மழைக்கோட்டு, ஒரு பகுதி எரிந்து. பணப்பெட்டியிலிருந்து போனது சுமார் 4 பவுண்டு.

இது வரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இதழ் என்ன செய்திருக்கிறது என்றால், நேரங்களை எடுத்துக் கோத்து ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருக்கிறது. பால் கொடுக்க வந்த பையன் ஜூலியாவை உயிரோடு பார்த்தது ஆறரைக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில். வாலஸ் ஏழு மணி ஆறு நிமிடத்துக்கு ஒரு டிராமில் இருந்தது நிச்சயம். வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேர ஆகும் நேரத்தைக் கழித்தால் மிச்சம் எத்தனை நிமிடம்? அதற்குள் ஒரு மனிதர் மனைவியைக் கொன்று, மேலே ஒரு பொட்டு ரத்தம் இல்லாமல் கழுவித் துடைத்து, ஆயுதத்தை ஒளித்து, கோட்டும் தொப்பியுமாகக் கிளம்ப முடியுமா? பையன் வந்த நேரத்தை ஐந்து நிமிடம் நகர்த்தினால் முடியும், நகர்த்தாவிட்டால் முடியாது. அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு நான் பேனாவும் கையுமாக ஒரு ஞாயிறு முழுவதும் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை, அது நல்லதாகப் போயிற்று.

இன்னொரு அருமையான இடம், அந்தப் போன். அன்றைய போன் கூண்டுகளில் காசு போட்டுவிட்டு, எதிர்முனை பேசியதும் ஏ பொத்தானை அழுத்த வேண்டும், லைன் கிடைக்காவிட்டால் பி பொத்தானை அழுத்திக் காசைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அழைத்தவருக்கு லைன் சரியாகக் கிடைக்கவில்லை, ஆபரேட்டரிடம் முறையிட்டிருக்கிறார். அதனால்தான் அழைப்பு எங்கிருந்து வந்தது என்று எக்ஸ்சேஞ்சில் குறிப்பு ஏறியது. பார்த்தால் வாலஸ் வீட்டிலிருந்து சுமார் 400 கஜம் தள்ளியிருக்கும் கூண்டு. வாலஸே கிளப்புக்குப் போகும் வழியில் குரலை மாற்றிப் பேசினார் என்று அரசுத் தரப்பு சொன்னது. அதே கூண்டை வைத்தே எதிர்வாதமும் செய்யலாம்: வாலஸ் கிளப்புக்குக் கிளம்புவதை மறைந்து நின்று பார்த்த வேறொருவனுக்கும் அதுதானே பக்கம்? கூண்டின் உள்பக்கப் படம் ஒன்று போட்டு, பொத்தான்கள் எங்கே இருந்தன என்று காட்டியிருக்கிறார்கள். இத்தனை வருடம் இந்த வழக்கைப் படித்தும் அந்தப் பொத்தான் சமாசாரம் எனக்கு இப்போதுதான் கண்ணால் பார்த்தது போலப் புரிந்தது.

ஜூரி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் குற்றவாளி என்று சொல்லிவிட்டது, தூக்கு. நீதிபதி தன் தொகுப்புரையில் கிட்டத்தட்ட விடுதலை செய்யச் சொன்ன வழக்கு அது. மே மாதம் அப்பீல் நீதிமன்றம், சாட்சியங்களை வைத்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு நிற்காது என்று தூக்கை ரத்து செய்தது. ஆனாலும் அக்கம்பக்கம் விடவில்லை, வாலஸ் வீடு மாறினார், 1933 பிப்ரவரியில் சிறுநீரகக் கோளாறில் இறந்துபோனார். பின்னாளில் சந்தேகத்துக்கு ஆளான இன்னொருவர், அதே கம்பெனியில் வேலை பார்த்த இளைஞர், அவர் பக்கத்து வாதமும் இதில் இருக்கிறது. இரண்டு பக்கமும் சம எடையில் நிற்கிறது. கடைசியில் ஆசிரியர் தீர்ப்பு சொல்வார் என்று பக்கத்தைத் திருப்பினால் விளம்பரம் வருகிறது. எரிச்சலாக இருந்தது, அப்புறம் சந்தோஷமாக இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஹின்டர்கைஃபெக் கட்டுரை சுத்த வீண். 1922 மார்ச் கடைசி நாளில் பவேரியாவில் ஒரு பண்ணை வீட்டில் ஆறு பேர் கொல்லப்பட்ட வழக்கு அது, நாலு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள், அதற்குள் யாரோ மாட்டுக்குத் தீனி போட்டிருக்கிறார்கள். இந்த ஒரு வரி போதும் முதுகில் சில்லிட. அதை விட்டுவிட்டு நிலவு, காற்று, மரக்கிளை என்று பேய்ப்படம் ஓட்டியிருக்கிறார் எழுதியவர். பண்ணையின் ஒரு வரைபடம் இல்லை, யார் எங்கே கிடந்தார்கள் என்று இல்லை. லண்டன் வக்கீல் சார்லஸ் பிராவோவுக்கு 1876இல் யார் ஆண்டிமனி விஷம் கொடுத்தது என்ற கட்டுரை பரவாயில்லை, ஆனால் குடும்ப உறவுகளை விளக்கவே பாதி போய்விட்டது. லிவர்பூல் வரைபடத்தில் தெருப் பெயர்களுக்குப் பூதக்கண்ணாடி வேண்டும், ஜெராக்ஸில் அது வெறும் கறுப்புத் தீற்றல்.

ஆசிரியர்களுக்கு மெயில் போட்டிருக்கிறேன், சினிமா கிசுகிசுப் பத்திரிகை நடத்திய லக்ஷ்மிகாந்தனின் கொலை வழக்கை எடுங்கள் என்று. 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் கத்திக்குத்து, மறுநாள் மருத்துவமனையில் மரணம். தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. வழக்கு அன்றைய கடைசி அப்பீல் இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947இல் இருவரும் விடுதலை. அப்படியானால் குத்தியது யார்? லண்டன் வரை வந்த வழக்குதானே, அவர்களுக்கும் சம்பந்தம் உண்டு. இன்னும் பதில் இல்லை.

வாங்கலாமா என்றால், வாலஸ் கட்டுரைக்காக மட்டுமே வாங்கலாம், கொடுத்த காசு அதிலேயே வந்துவிட்டது. கொலையாளி யார் என்று கடைசிப் பக்கத்தில் தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்கள் வாங்க வேண்டாம். நான் நாலு இதழுக்கும் சந்தா கட்டிவிட்டேன். ஆனால் என் ஸ்பைரல் பிரதி இப்போது என்னிடம் இல்லை. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த சித்தப்பா, ரயிலில் படிக்கிறேன் என்று எடுத்துப் போனவர், நேற்று இரவு பதினொன்றரைக்கு போன் செய்தார். எடுத்ததும் ஊர் போய்ச் சேர்ந்தேன் என்றுகூடச் சொல்லவில்லை. "ஏலே, அந்தப் பால்காரப் பையன் கையில வாட்ச் கட்டியிருந்தானா?"