லெனேசியாவில் நிறுத்துத் தரும் பாப்கார்ன் மணி: வாங்கலாமா?

மணி நல்ல மணிதான், கடையில் அதை வைத்திருக்கும் விதம்தான் சரியில்லை. தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் நான் வழக்கமாகப் பருப்பும் மிளகாய்த்தூளும் வாங்கும் கடையில் (பெயர் வேண்டாம், மற்ற சாமான்கள் எல்லாம் அருமையாக இருக்கும்) பாப்கார்ன் மணியைச் சாக்கில் வாய் திறந்தபடி வைத்து, அள்ளி நிறுத்துத் தருகிறார்கள். பாக்கெட்டைவிட விலை குறைவு. மணியும் நல்ல மஞ்சளாக, ஒரே அளவாக, தூசி தும்பு இல்லாமல் இருந்தது. ஆனால் ஜூலைக் குளிரில் வாங்கி வந்து அடுப்பில் போட்டால் பாதிக்குப் பாதி பொரியாமல் அடியில் கிடக்கிறது, பொரிந்ததும் சின்னச் சின்னதாக, தோல் பல்லில் மாட்டுகிறது.

அதே சட்டி, அதே எண்ணெய், சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய ஒட்டிய பாக்கெட் மணியைப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே பூத்துவிட்டது. அப்படியானால் குறை அடுப்பில் இல்லை, ஈரத்தில். பாப்கார்ன் மணிக்குள் சுமார் 14 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும். சூடு 180 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அந்த ஈரம் ஆவியாகி உள்ளிருந்து அழுத்த, கெட்டித் தோல் தாங்காமல் வெடிக்கிறது. ஈரம் குறைந்தால் அழுத்தமும் குறைவு, அவ்வளவுதான். ஜோகன்னஸ்பர்க் குளிர்காலம் எப்படி என்று உங்களுக்கே தெரியும், மாதக்கணக்கில் மழையே இல்லை, உதடு வெடிக்கிற காற்று. அதில் திறந்த சாக்கு கிடந்தால் மணி காயாமல் என்ன செய்யும்?

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தூக்கிப் போட வேண்டாம். மூன்று கப் மணியைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, இறுக்கி மூடி நன்றாகக் குலுக்குங்கள், தண்ணீர் முழுவதும் உறிஞ்சப்படும்வரை அவ்வப்போது குலுக்கி, இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். என் சாக்கு மணி அதற்கப்புறம் பாக்கெட் மணிக்குச் சமமாகப் பொரிந்தது.

அடுப்பு விஷயம் எளிது. மூன்று லிட்டர் அடிகனமான சட்டிக்கு மூன்று மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய், மூன்றில் ஒரு பங்கு கப் மணி, அதற்கு மேல் போட்டால் மூடியைத் தூக்கிவிடும். வெண்ணெயில் பொரிக்காதீர்கள், மணி வெடிக்கும் முன்பே அது கருகிவிடும். முதலில் இரண்டு மூன்று மணி மட்டும் போடுங்கள், அவை வெடித்ததும் மீதியைக் கொட்டி, சட்டியை அரை நிமிடம் அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள், எல்லா மணியும் ஒரே சூட்டுக்கு வந்து சேர்ந்து வெடிக்கும். மூடியைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள், ஆவி வெளியே போனால்தான் மொறுமொறுப்பு. வெடிச் சத்தத்துக்கு இடையில் இரண்டு விநாடி இடைவெளி வந்தால் இறக்கிவிடலாம். மின் அடுப்பென்றால் சட்டியையே நகர்த்துங்கள், தட்டு சட்டென்று ஆறாது. லோட்ஷெடிங் (மின்வெட்டு) காலத்தில் வாங்கிப்போட்ட கேஸ் அடுப்பு எங்கள் வீட்டில் இன்னும் இதற்குத்தான் அதிகம் பயன்படுகிறது.

உப்பை மிக்ஸியில் மாவாகப் பொடித்துத் தூவுங்கள், கல் உப்பு ஒட்டாமல் அடிக்குப் போய்விடும். பிள்ளைகளுக்கு அரோமட் (கடையில் கிடைக்கும் மசாலா உப்புத்தூள்) போதும். எனக்கு ஒரு கரண்டி நெய்யை உருக்கி, இறக்கிய சூட்டில் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் கலந்து மேலே ஊற்றிப் புரட்ட வேண்டும்.

கடைக்கார அங்கிளிடம் சொன்னேன், மூடி போட்ட டிரம்மில் மாற்றுகிறேன் என்றார். அவர் மாற்றும்வரை, மே மாதத்திலிருந்து மழை தொடங்கும்வரை பாக்கெட் வாங்குங்கள், கோடையில் சாக்கு மணியே தாராளமாகப் போதும்.