பிள்ளைகள் தேர்ந்தெடுத்த பங்க் பெட்: மேல் மெத்தைக்கு விரிப்பு போடுகிறவள் எழுதுவது

அலுவலகத்தில் தோழி ஒருத்தி கேட்டாள்: "பிள்ளைங்களுக்குக் கட்டில் வாங்கணும். கடைக்கு அதுங்களையும் கூட்டிட்டுப் போகவா, இல்ல நாமளே பாத்து முடிச்சுடலாமா?" எங்கள் வீட்டில் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த பங்க் பெட், அதாவது மேலும் கீழுமாக இரண்டு படுக்கை உள்ள கட்டில், சில வருஷமாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது.

அவள் கேள்விக்குப் பதில் எளிது. கூட்டிப் போ. ஆனால் பட்ஜெட், அறையின் அளவு எல்லாம் வீட்டிலேயே முடிவாகியிருக்க வேண்டும். நாங்கள் மூன்று மாடல்களைப் பார்த்து வைத்துவிட்டு, "இதுல எது?" என்றுதான் கேட்டோம். வெறுமனே உள்ளே விட்டால் கார் வடிவக் கட்டிலில் போய் ஏறிக்கொள்வார்கள். கடைக்காரரும் அதற்குப் பிறகு நம்மிடம் பேச மாட்டார், பிள்ளையிடம்தான் பேசுவார். நிறத்துக்கும் இதே கதைதான். பெரியவள் ஊதா கேட்டாள், சின்னவன் டைனோசர் கேட்டான். கட்டில் மர நிறத்திலேயே இருக்கட்டும், ஊதாவும் டைனோசரும் தலையணை உறைக்குப் போகட்டும் என்று பேசி முடித்தோம். டைனோசர் இப்போது கிரிக்கெட் ஆகிவிட்டது. உறையை மாற்றினால் போதும், கட்டிலை மாற்ற வேண்டியதில்லை.

கூட்டிப் போனதன் பலன் எங்கே தெரிந்தது என்றால், ஏணியில். எனக்குப் பிடித்திருந்தது இரும்புச் சட்டம் போட்ட மாடல். விலை குறைவு, கரையான் பயமில்லை. சின்னவன் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு படி ஏறினான், இறங்கிவிட்டான். "கால் குத்துது." உருண்டைக் குழாய்ப் படி உள்ளங்காலின் நடுவில் போய் அழுத்துகிறது. ஷோரூமில் நாம் செருப்புக் காலோடு நின்றுகொண்டு பெயின்டையும் வெல்டிங்கையும் பார்க்கிறோம், அவ்வளவுதான். அடுத்ததில் தட்டையான மரப்படி, சற்று அகலம். ஏறினான், படுத்தான், திரும்பிப் படுத்தான், இறங்கினான். இதுதான் என்றான். ரப்பர் மரம். விலை கொஞ்சம் உறுத்தியது, ஆனால் அந்தப் படியைப் பற்றி இன்று வரை வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை.

பிள்ளைகளால் பார்க்க முடியாதது ஃபேன். ஷோரூமில் பங்க் பெட்டின் தலைக்கு மேல் ஃபேன் இருக்காது. எங்கள் அறை பத்துக்குப் பத்து, நடுவில் 48 அங்குல ஃபேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சுவரிலிருந்து இறக்கையின் நுனிக்கு 3 அடிதான். கட்டிலின் அகலமும் 3 அடி. மேலே எழுந்து நின்று கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு, மேலே ஒன்று கீழே ஒன்று என்று சுவர் ஃபேன் மாட்டினோம். அந்தச் செலவையும் கட்டில் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மெத்தை. கடையில் 6 அங்குல மெத்தையைத்தான் தலையில் கட்டப் பார்த்தார்கள். மேல்தட்டின் தடுப்பு உயரம் 10 அங்குலம் என்றால் மெத்தை போக மிச்சம் 4. மெத்தைக்கு மேல் குறைந்தது 5 அங்குலமாவது தடுப்பு இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் பாதுகாப்பு விதி, 6 வயதுக்குக் கீழ் இருந்தால் மேல்தட்டே கூடாது என்பது அங்குள்ளவர்களின் அறிவுரை. நாங்கள் 4 அங்குல மெத்தை போட்டோம், மேல்தட்டு பெரியவளுக்கு. போல்ட் அவ்வப்போது தளரும், அலன் கீ வைத்து முறுக்கினால் சத்தம் நின்றுவிடும். இதெல்லாம் சாதாரணம்.

சரி, என் எரிச்சலுக்கு வருகிறேன். மேல் மெத்தைக்கு விரிப்பு மாற்றுவது.

கட்டில் மூலையில் இருக்கிறது. இரண்டு பக்கம் சுவர், மற்ற இரண்டு பக்கம் தடுப்பு. கீழே நின்றால் கை எட்டாது. மேலே ஏறி மெத்தை மேலேயே மண்டி போட்டு, நாம் உட்கார்ந்திருக்கும் அதே மெத்தையின் மூலையை நாமே தூக்க வேண்டும். சுவர்ப் பக்க மூலைக்குக் கையை விட்டால் விரல் முட்டி சுண்ணாம்பில் உரசும். எலாஸ்டிக் விரிப்பில் மூன்று மூலையை மாட்டிவிட்டு நான்காவதை இழுக்கும்போது முதல் மூலை கழன்று வந்து முகத்தில் விழும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள சந்தில் ஹேர்பின், பென்சில், பாதி தின்ற முறுக்கு. "உன் கட்டில், நீயே போடு" என்றால் பெரியவள் போடுவாள், ஆனால் மறுநாள் காலையில் விரிப்பு காலடியில் சுருண்டு கிடக்கும்.

இன்னொன்று, எங்களுடையது மேல்மாடி. சென்னையில் மே மாதம் பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் இரவு பதினொரு மணிக்கும் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும், மேல்தட்டு அதற்கு நேர் கீழே. அக்னி நட்சத்திரத்தில் இரண்டும் தரையில் பாய் விரித்துப் படுக்கின்றன. கட்டில் மடிக்காத துணிக்கு ஆகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அந்த அறையில் இடம் மிஞ்சியது இந்தக் கட்டிலால்தான். "இது நான் எடுத்தது" என்பதாலோ என்னவோ, வீட்டில் மற்ற எதிலும் கிறுக்கும் சின்னவன் இதில் கோடு போட்டதில்லை. கீழ்த்தட்டில் என் பழைய புடவையைக் கட்டித் திரையாக்கிக்கொண்டு உள்ளேயே கிடக்கிறான். அக்காவும் தம்பியும் விளக்கை அணைத்த பிறகு மேலும் கீழுமாகப் பேசிக்கொள்வதைக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் இன்று காலையில்தான் விரிப்பு மாற்றினேன். அதனால் தோழிக்கு அனுப்பிய பதில் இது: பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிப் போ, பங்க் பெட் இருக்கிற பக்கம் மட்டும் கூட்டிப் போகாதே. வாங்கியே தீருவேன் என்றால், கடைக்குப் போகும் முன் ஃபேன் இறக்கைக்கும் சுவருக்கும் நடுவே டேப் பிடித்துப் பார். மேல் மெத்தைக்கு விரிப்பு யார் போடுவது என்பதையும் பில் போடுவதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் பேசி முடித்துக்கொள்.