மஞ்சள் தோட்டத்துப் பட்டறையில் ஒரு 200 ஆம்ப் வெல்டிங் செட்: 14 மாதம் ஓட்டிப் பார்த்தது

போன வருசம் தை மாசக் கடைசி. மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்தது. பொறுக்குவதற்குப் பதினெட்டு ஆள் வந்து நிற்கிறார்கள், டிராக்டரில் மாட்டித் தோண்டுகிற கலப்பையின் சட்டம் விரிசல் விட்டு ஒரு பக்கம் தொங்கிவிட்டது. கழற்றி ஏற்றிக்கொண்டு ஏழு கிலோமீட்டர் போனால், வெல்டிங் பட்டறையில் எனக்கு முன்னால் நாலு டிரெய்லர். "நாளைக்கு மத்தியானம் ஆயிருமுங்க்கா" என்றார் பட்டறைக்காரர். வெல்டிங் கூலி 350 ரூபாய்தான். ஆனால் ஆள் கூலி ஒன்றரை நாள் வீணாகப் போனது. தண்ணி விட்டுப் பதம் பார்த்து வைத்திருந்த மண் இறுகிப்போய், அடுத்த நாள் தோண்டியதில் கிழங்கு பாதிக்குப் பாதி உடைந்து வந்தது. அந்த வாரமே ஈரோடு போய் இந்த செட்டை வாங்கி வந்தேன்.

இன்வெர்ட்டர் வகை (வீட்டுப் பேட்டரி இன்வெர்ட்டர் இல்லை, எலக்ட்ரானிக் போர்டு வைத்த சின்ன வெல்டிங் செட்), ஒற்றை பேஸில் ஓடுவது, முகப்பில் 200 என்று போட்டிருக்கிறது. ராடைப் பிடிக்கும் ஹோல்டர், ஒட்டுகிற இரும்பில் மாட்டும் எர்த் வயர், கையில் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடி, கசடு தட்டும் சுத்தியல் எல்லாம் சேர்த்து 8,600 ரூபாய். எடை ஆறு கிலோ சொச்சம். எங்கள் மாமனார் காலத்து ஆயில் செட்டை (எண்ணெய் நிரப்பிய கனத்த வெல்டிங் செட்) நகர்த்த ரெண்டு ஆள் வேண்டும், அதற்கு ரெண்டு பேஸும் வேண்டும். தோட்டத்தில் மூணு பேஸ் இருப்பது பம்புசெட் சர்வீஸில் மட்டும்தான். அது பாசனத்துக்கென்று இலவசமாக வருகிற கரண்ட், அதில் வெல்டிங் போடுவது தப்பு. இந்த செட்டை வீட்டு மீட்டரில் போடலாம். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

அந்த 200-ஐ நம்பி வாங்க வேண்டாம். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்த எங்கள் சித்தப்பா மகன் வயரைக் கவ்விப் பிடித்து டி.சி. கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டர் கொண்டுவந்தான். ஆம்ப் கூட்டும் குமிழை முழுசாகத் திருப்பி, பத்தாம் நம்பர் ராடில் (3.15 மில்லி; நம்பர் குறையக் குறைய ராடு தடிமன்) அளந்தபோது 148 ஆம்ப்தான் காட்டியது. "அக்கா, உனக்கு இது போதும், ஆனா எட்டாம் நம்பர் ராடு எரிக்கலாம்னு மட்டும் நெனைக்காதே" என்றான். அவன் சொன்னது சரி. தோட்டத்து வேலையில் பாதிக்கு மேல் பன்னிரண்டாம் நம்பர் ராடு, அதாவது 2.5 மில்லி. மூணு மில்லி ஆங்கிளுக்கு 75லிருந்து 85 ஆம்ப் வைத்தால் அழகாக உருகி ஓடும். ஆறு மில்லி பட்டைக்கு 3.15 மில்லி ராடு, 115 பக்கம். அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. டிரெய்லர் சேஸிஸ், ஜே.சி.பி. பக்கெட் என்று கனத்த வேலை செய்கிறவர்கள் இதை வாங்கக் கூடாது.

கூட வந்த வயர்களைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ரெண்டும் தலா ரெண்டு மீட்டர். வெட்டிப் பார்த்தால் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. அஞ்சு ராடு எரிப்பதற்குள் தொட முடியாத சூடு. எர்த் கிளாம்பின் ஸ்பிரிங் ரெண்டாம் மாசமே தளர்ந்துவிட்டது. கடித்துப் பிடிக்காத எர்த்தால் ராடு ஒட்டுகிறது, நாம் கையைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம். 2,700 ரூபாய் போட்டு 25 சதுர மில்லி செம்பு கேபிள் பத்து மீட்டரும், கனமான பித்தளை கிளாம்பும் மாற்றினேன். அதே மிஷின், அதே ராடு, ஆனால் தையல், அதாவது ஒட்டு, வேறு மாதிரி விழுந்தது. ஆகவே இதன் விலையை 11,300 ரூபாய் என்றே கணக்கு வையுங்கள்.

வீட்டிலிருந்து தோட்டத்துப் பட்டறைக்கு இழுக்கும் வயரும் அப்படித்தான், மெல்லிசாக இருக்கக் கூடாது. 100 ஆம்பில் வெல்டிங் போடும்போது செட் சுவரிலிருந்து ஏறக்குறைய 20 ஆம்ப் இழுக்கிறது. முப்பது மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லி வயர் போட்டால் வழியிலேயே பதினாலு வோல்ட் போய்விடும். 4 சதுர மில்லி போட்டால் அஞ்சு வோல்ட் சொச்சம்தான். சாயங்காலம் ஊரே விளக்குப் போட்ட பிறகு எங்கள் லைனில் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். அந்த நேரத்தில் அந்தப் பதினாலு வோல்ட் போனால் செட்டின் மஞ்சள் நிற எச்சரிக்கை லைட் எரிந்து செட் நின்றுவிடும். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் வேலையை முடித்துக்கொள்கிறேன்.

இதுவரை செய்தவை: தோண்டு கலப்பைச் சட்டம், மாட்டுக் கொட்டகைக் கதவு, மருந்து அடிக்கும் டேங்கை டிராக்டரில் தாங்க ஒரு ஸ்டாண்ட், மஞ்சள் வேகவைக்கும் அண்டாவின் மூடிக் கீல். அண்டாவின் தகட்டிலேயே ஒரு ஓட்டையை அடைக்கப் போய், ஓட்டை பெரிசானது. அந்த மெல்லிசுக்கு இந்த செட்டும் ராடும் ஆகாது, கேஸ் வெல்டிங்தான் வேண்டும்.

ஒன்பது கொழுக் கலப்பையில் ஒரு கால் ஒடிந்தது. சாதா ராடால், 6013-ஆல், ஒட்டினேன். தையல் நன்றாகவே நின்றது, அதை ஒட்டிப் பக்கத்து இரும்பு விரிந்துவிட்டது. கொழுக்கால் கார்பன் அதிகமுள்ள கெட்டி இரும்பு, சட்டென்று ஆறினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அந்தச் சித்தப்பா மகன் 7018 என்கிற வேறு வகை ராடு கொடுத்தான். தேங்காய்ச் சிரட்டை நெருப்பில் காலைச் சுட்டு, மேலே விட்ட தண்ணீர்ச் சொட்டு துள்ளி ஓடும் அளவுக்குச் சூடேற்றி, ஒட்டி, உடனே சாம்பலுக்குள் புதைத்து ராத்திரி முழுக்க ஆற விட்டோம். நாலு ஏக்கர் ஓட்டியது. அப்புறம் புதுக் கால் வாங்கி மாற்றிவிட்டேன். உழவு நடுவில் நிற்காமல் அந்த விதைப்புப் பட்டத்தைத் தாண்ட உதவியதே போதும்.

ஐப்பசி மழையில் ராடு ஈரம் குடித்துச் சடசடவென்று தெறிக்கும். இறுக்கமான தகர டப்பாவில் வைத்தாலும், போடும் முன் ஒரு மணி நேரம் வெயிலில் காயவைக்கிறேன். 7018க்கு வெயில் பத்தாது, அதற்கு 300 டிகிரிக்கு மேல் சுடும் அடுப்பு வேண்டும். அதனால் அதை இருப்பு வைப்பதில்லை, அன்றன்றைக்கு வெளிப் பட்டறையிலிருந்து நாலு ராடு வாங்கிக்கொள்கிறேன்.

வாங்கி எட்டாம் மாசம் செட் நின்றுபோனது. கிரைண்டரைப் பக்கத்திலேயே வைத்து ஓட்டியிருந்தேன். பறந்த இரும்புத் தூளை ஃபேன் உள்ளே இழுத்து போர்டில் படியவைத்திருக்கிறது. வாங்கிய கடை வாரண்டி அட்டையில் சீல் போடவே இல்லை. அதைக் காரணம் காட்டி இலவசமாகப் பார்க்க மறுத்துவிட்டார்கள். 2,200 ரூபாய், பத்தொன்பது நாள். பழைய ஆயில் செட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது, தூசியிலும் சாணியிலும் கிடந்து ஓடும். இப்போது கிரைண்டர் வேலை வெளியே வேப்ப மரத்தடியில், செட் உள்ளே. மாசம் ஒருமுறை காற்றடித்துச் சுத்தம் செய்கிறேன். பல்லி நுழையாமல் இருக்க, வேலை முடிந்து ஆறியதும் துணிப்பையில் போட்டுக் கட்டிவிடுகிறேன்.

பெண்கள் யாராவது இதைத் தொடப் போகிறீர்கள் என்றால்: நைலக்ஸ் சேலையோடு நிற்கவே நிற்காதீர்கள். பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நான் வீட்டுக்காரரின் பழைய காட்டன் முழுக்கைச் சட்டையும் பேண்டும் போட்டுக்கொள்கிறேன். கூட வந்த கைக் கண்ணாடியைத் தூக்கி வைத்துவிட்டு, தானாகக் கறுக்கும் ஹெல்மெட் வாங்குங்கள். ரெண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். ஒருமுறை டாக் அடிக்கத்தானே (துண்டுகள் நகராமல் பொட்டுப் பொட்டாக ஒட்டிப் பிடிப்பது) என்று கண்ணாடி இல்லாமல் நாலு பொட்டு வைத்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல் வலி. டிராக்டரிலேயே ஒட்டும் வேலை என்றால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே எர்த் மாட்டுங்கள். கரண்ட் பேரிங் வழியாகப் போனால் பேரிங் போய்விடும். ஜி.ஐ. பைப்பில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகே ராடு வையுங்கள், அந்த வெள்ளைப் புகை காய்ச்சல் வரவைக்கும். டீசல் டேங்க் காலியாக இருந்தாலும் தொடக் கூடாது.

இன்னொரு செட் வாங்குவதானால் இதே வகையைத்தான் வாங்குவேன். கடைக்குப் போகும்போது ஒரு பட்டைத் துண்டும் பத்தாம் நம்பர் ராடு ரெண்டும் எடுத்துப் போவேன். அவர்கள் முன்னாலேயே எரித்துப் பார்த்து, பில்லிலும் வாரண்டி அட்டையிலும் சீல் வாங்கிய பிறகுதான் பணம் கொடுப்பேன்.