கடல்நீரை வற்ற வைக்கக் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?

ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், வாலிநோக்கம், ஏர்வாடிப் பக்கம் இருப்பவர்களுக்கு வீட்டு வேதியியலின் மூலப்பொருள் வாசலிலேயே கிடைக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கும். அதில் 27 கிராம் அளவுக்குச் சமையல் உப்பு. அதை எந்தப் பாத்திரத்தில் வற்ற வைப்பது என்பதில்தான் குழப்பம்.

அடுப்பில் ஏற்றுவதாக இருந்தால் கண்ணாடிதான், அதுவும் சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடி பீக்கர். ஊறுகாய் பாட்டிலும் டீ கிளாஸும் சாதாரணக் கண்ணாடி. சூட்டில் அது போரோசிலிகேட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். அடி சுட்டு மேல்பக்கம் ஆறியிருந்தால் படீரென்று விரிசல் விடும். ஆனால் நல்ல பீக்கரிலும் உப்பைச் சுண்டச் சுண்டக் காய்ச்சக் கூடாது. அடியில் உப்பு படிந்ததும் தண்ணீர் தெறிக்கும், அந்த இடம் மட்டும் கொதித்துப் பாத்திரம் உடையலாம். பாதியாகக் குறைந்ததும் இறக்கிவிட்டு, மிச்சத்தை வெயிலிடம் விட்டுவிடுவதே என் கட்சி.

வெயிலுக்கு வந்துவிட்டால் பிளாஸ்டிக் தட்டு ஜெயித்துவிடுகிறது. கடல்நீர் ஐந்தில் ஒரு பங்காக வற்றும்போது ஜிப்சம் படியத் தொடங்கும், பத்தில் ஒரு பங்காகும்போது சமையல் உப்பு. கடைசியில் மிஞ்சுவது மெக்னீசியம் கலந்த கசப்பு நீர். ஒவ்வொரு கட்டத்திலும் தெளிந்த நீரை அடுத்த தட்டுக்கு மாற்றினால் தனித்தனியாகப் பிரியும். உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி நீரை மாற்றுவதும் இதற்காகத்தான். பிளாஸ்டிக் தட்டை லேசாக முறுக்கினாலே படிகம் கழன்று வரும். கண்ணாடியில் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். வெள்ளைத் தட்டு வாங்காதீர்கள், வெள்ளைப் படிகம் கண்ணில் படாது. கறுப்புத் தட்டென்றால் வெயிலையும் நன்றாக இழுக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மேலே வலை கட்டி, ஓரத்தில் செங்கல் வையுங்கள். நாள்பட்ட வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும், அப்போது மாற்றிவிட வேண்டியதுதான்.

கஞ்சிப்பாசி என்ற கடற்பாசியிலிருந்து அகர் என்னும் உறைபொருளை எடுப்பவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். பாசியை நல்ல தண்ணீரில் அலசி எவர்சில்வர் சட்டியில் கொதிக்க விட்டால் போதும். சூட்டோடு துணியில் வடிகட்ட வேண்டும், 40 டிகிரிக்குப் பக்கம் வந்ததுமே உறைய ஆரம்பித்துவிடும். உறைய வைக்க மட்டும் பிளாஸ்டிக் டப்பா வசதி.

தேங்காய் எண்ணெயில் சோப்பு செய்ய காஸ்டிக் சோடா கரைக்கிறீர்களா? இங்கே கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்கும். கடுங்காரம் கண்ணாடியை மெல்ல அரிக்கும், கண்ணாடி மூடி போட்டு வைத்தால் மூடி ஒட்டிக்கொள்ளும். அதற்காகத் தண்ணீர் பாட்டிலை எடுத்துவிடாதீர்கள். காஸ்டிக் சோடா கரையும்போது கொதிநிலையை நெருங்குமளவு சூடேறலாம். பெட் பாட்டில் 70, 80 டிகிரியிலேயே தளர்ந்துவிடும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட கனமான பாலிப்ரொப்பிலீன் மக் சரியாக வரும். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கண்ணுக்குக் கவசம், கைக்கு உறை கட்டாயம். அலுமினியப் பாத்திரம் பக்கத்திலேயே வரக் கூடாது, காரம் அதைத் தின்று ஹைட்ரஜனை வெளியிடும். ஆறிய கரைசலைச் சேமிக்க 2 எண் போட்ட பாட்டில் போதும்.

அசிட்டோனுக்கும் அயோடினுக்கும் கண்ணாடி. அசிட்டோன் பட்டால் தெர்மோகோல் கப் கரைந்தே போகும். அயோடின் பிளாஸ்டிக்கில் ஊறிக் கறையாகிவிடும், அப்புறம் கழுவினாலும் போகாது.

காசு குறைவென்றால் 250 மில்லி போரோசிலிகேட் பீக்கர் ஒன்று மட்டும் வாங்குங்கள். மற்றதெல்லாம் எண் பார்த்து எடுத்த பிளாஸ்டிக்காக இருக்கட்டும். சோதனைக்கு எடுத்த பாத்திரம் திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது. குளிர்பான பாட்டிலில் எந்தக் கரைசலையும் ஊற்றி வைக்காதீர்கள். இந்த வெயிலில் தாகத்தோடு வரும் பிள்ளை லேபிளைப் படித்துக்கொண்டிருக்காது.