ஜிப்ஸிக்குப் பின்கதவு மாற்றிக் கொடுத்த பட்டறை: பிடித்ததும் பிடிக்காததும்

மாருதி ஜிப்ஸி ஜீப் வைத்திருப்பவர்களிடம் அதன் பின்கதவைப் பற்றி விளக்க வேண்டியதே இல்லை. ஒரு கையால் அடியில் பிடித்துத் தூக்கிக்கொண்டே இன்னொரு கையால் தள்ளினால்தான் பூட்டு விழும், புதிதாக வண்டியில் வருகிறவர்கள் நாலு தடவை படார் படாரென்று அடித்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். என்னுடையது 1298 சிசி ஜிப்ஸி கிங், சாஃப்ட் டாப், அதாவது துணிக்கூரை வண்டி. 205/70 R15 டயரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய 235/75 R15 போட்ட பிறகு இந்தத் தொல்லை இரட்டிப்பானது. கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு பட்டறையில் இதற்கு வேலை பார்த்தேன், ஒரு மழைக்காலம் முழுக்க வால்பாறைப் பக்கம் ஓட்டியும் பார்த்தாயிற்று, அதனால் இப்போது எழுதலாம்.

முதலில் இந்தக் கதவு ஏன் தொங்குகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் தேவையில்லாமல் கீலைத் திட்டுகிறார்கள். சாஃப்ட் டாப் ஜிப்ஸியில் பின்கதவு பக்கவாட்டில் திறக்கும், ஸ்டெப்னி (மாற்றுச் சக்கரம்) அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும். 205/70 டயரின் உயரம் ஏறக்குறைய 668 மி.மீ., 235/75 என்றால் 733. இரும்பு ரிம்மோடு சேர்த்து 20 கிலோவைத் தாண்டும் பாரம் கதவுத் தகட்டுக்கு வெளியே தள்ளித் தொங்குகிறது. தார் ரோட்டில் ஒன்றும் ஆகாது. எஸ்டேட் கல்பாதையில் ஒவ்வொரு குழியிலும் பின்பக்கம் குதிக்கும்போது அந்தப் பாரம் மேல் கீலை வெளியே இழுக்கிறது, கீழ்க் கீலை உள்ளே அமுக்குகிறது. கீல் கெட்டியான சாமான், அது தாங்கிவிடும். அதைப் பிடித்திருக்கும் பாடித் தகடுதான் முதலில் மயிரிழை விரிசல் விடும், மேலே பெயின்ட் இருப்பதால் கண்ணில் படாது, தண்ணீர் இறங்கித் துரு வெளியே தெரியும்போது நாம் டிங்கர் கடையில் நின்றுகொண்டிருப்போம். கீலுக்கு அடியில் வாஷர் வைத்துக் கதவைத் தூக்கி நிறுத்துகிற வைத்தியம் ஒன்று ஊரெல்லாம் நடக்கிறது. அது கொஞ்ச நாளைக்குத்தான்.

பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் பழைய மகிந்திரா ஜீப்புகளும் பாதி அறுத்த ஜிப்ஸி பாடி ஒன்றும் நிற்கும், அதுதான் அடையாளம். லேத், வெல்டிங் இரண்டையும் மாஸ்டரே பார்க்கிறார், கூட ஒரு பையன். கதவை லாரி மாதிரி கீழ்நோக்கித் திறக்கும்படி மாற்றித் தாருங்கள் என்றுதான் நான் கேட்டுப் போனேன். அவர் கதவைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "வீலைக் கழட்டிட்டாக் கதவு தானா நிக்குமுங்க தம்பி, அப்புறம் எதுக்குங்க அதைப் போயி வெட்டறது?" என்றார். காசு வருகிற வேலையை வேண்டாமென்று சொல்கிற ஆளை அப்போதே பிடித்துப்போய்விட்டது. அவர் சொன்னது நியாயமும்கூட. ஸ்டெப்னியைக் கதவிலிருந்து இறக்குவது ஒரு வேலை, கதவு திறக்கும் திசையை மாற்றுவது வேறு வேலை. நாமெல்லாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். எனக்குக் காட்டுப்பக்கம் போனால் கதவையே பலகையாக்கி அடுப்பு வைத்துச் சமைக்கிற ஆசை இருந்ததால் இரண்டுமே வேண்டும் என்றேன்.

முதலில் ஸ்டெப்னி கேரியர். இந்தப் பட்டறையின் உண்மையான திறமை இதில்தான். பம்பரில் ஒரு கம்பியைப் பற்றவைத்து வீலை மாட்டிவிடுகிற சமாச்சாரம் இல்லை. சேஸின் பின்முனையில் போல்ட் போட்டுப் பிடிக்கும் கனமான சேனல், அதன் ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் ஸ்பிண்டில் (சுழலச்சு), மேலும் கீழும் டேப்பர் பியரிங், நடுவில் கிரீஸ் நிப்பிள். அந்த ஸ்பிண்டிலைச் சுற்றி ஒரு கை சுழல்கிறது, வீல் அந்தக் கையில். இந்த மாதிரி கேரியர்களில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: மூடிய நிலையில் கையின் மறுமுனை எதன்மேலும் உட்காராமல் பூட்டில் மட்டும் தொங்கும், அப்படியிருந்தால் எவ்வளவு நல்ல பியரிங் போட்டாலும் சீக்கிரம் ஆட்டம் கண்டுவிடும். இவர் மறுமுனைக்குச் சரிவான ஒரு தாங்கு வைத்திருக்கிறார், மூடும்போது கை அதன்மேல் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பூட்டு இறுகும், இடையில் கெட்டி ரப்பர். கல்பாதையில் கடகடவென்ற சத்தம் அறவே இல்லை. திறந்த நிலையில் நிறுத்த ஒரு செருகு ஊசி வைத்திருக்கிறார். சரிவில் வண்டியை நிறுத்திச் சாமான் எடுக்கும்போது கை தானாகத் திரும்பி வந்து முழங்காலில் அடிக்காமல் இருக்க இது அவசியம், ஆனால் விலைகூடிய ரெடிமேட் கேரியர் சிலவற்றில்கூட இதை நான் பார்க்கவில்லை.

அடுத்து கதவு. என் வண்டியின் கதவை அவர் தொடவே இல்லை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளிலிருந்து ஒரு பழைய கதவை வரவழைக்கச் சொன்னார், ஒரிஜினலை வீட்டுப் பரணில் போடச் சொன்னார். பழையதன் அடித் தையலை அறுத்து, துருப்பிடித்த பட்டையை எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து, உள்ளே நீளவாக்கில் ஒரு சேனல் ஓட்டி, அடியில் மூன்று கீல். நீளமான பியானோ கீல் போடலாமே என்று கேட்டதற்கு, அதன் இடுக்கில் சேறு சேர்ந்தால் இறுகிவிடும், தனித்தனிக் கீல் என்றால் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றார். பக்கத்துக்கு ஒரு கொண்டி, ஒரு சங்கிலி, சங்கிலி பெயின்ட்டைச் சுரண்டாமலிருக்க ரப்பர் குழாய் உறை. தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காமல் விட்டிருந்தது எனக்கு ரொம்பத் திருப்தி. சமையல் பலகையாக அருமையாக இருக்கிறது, அடுப்பு, தண்ணீர் கேன், வெட்டுப்பலகை எல்லாம் தாராளமாகப் பிடிக்கும்.

இனி குறைகள். சாஃப்ட் டாப் ஜிப்ஸியின் பின்னால் எதிரெதிர் பெஞ்சு, ஆட்கள் பின்கதவு வழியாகத்தான் ஏறுவார்கள். கீழ்நோக்கித் திறக்கும் கதவில் இது பெரிய தலைவலி. ஒரிஜினல் கதவைத் திறந்தால் வழி அப்படியே விடும், இப்போது நீட்டிக்கொண்டிருக்கும் பலகையைத் தாண்டித் தாவ வேண்டும், சேலை கட்டிய பெரியம்மா ஒருவரை ஏற்றிப் பார்த்தால் புரியும். குடும்பத்தோடு போகிற வண்டிக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். சாமானை உள்ளே தள்ளவும் அதே பலகை குறுக்கே நிற்கிறது, குள்ளமானவர்களுக்குக் கை எட்டாது. கதவைத் திறக்க இப்போது இரண்டு வேலை, முதலில் கேரியர், அப்புறம் கதவு, மழையில் இது எரிச்சல். கேரியரின் எடையால் பின்பக்கம் லேசாக அமர்ந்துவிட்டது, பழைய பட்டை வில் என்றால் இன்னும் அமரும்.

ஹூட்டின், அதாவது துணிக்கூரையின், பின்மடிப்பு ஒரிஜினல் கதவு அளவுக்குத் தைத்தது, புதுக் கதவோடு சேருமிடத்தில் விரலளவு இடைவெளி. பட்டறையில் அதைக் கண்டுகொள்ளவில்லை, தனியாக ஒரு சீட் தையல்காரரிடம் போய் ஓரம் வைத்துத் தைத்து, கதவுக்கு டோர் பீடிங்கும் (ரப்பர் ஓரப்பட்டை) ஒட்டினேன். இதை அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் சைலன்சர் புகை அங்கேதான் சுழலும், பின்பக்கம் திறப்பு இருந்தால் அது உள்ளே வந்துவிடும். நீளமான சாமானுக்காகக் கதவைத் திறந்துபோட்டு ஓட்டுகிற யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

பெயின்ட் வேலை சுமார். ரெட் ஆக்சைடு அடித்து, மேலே ஒரு கோட் அடித்துக் கொடுத்தார், கேரியரின் வெல்டிங் ஓரங்களில் மழைக்காலம் முடிவதற்குள் துரு எட்டிப்பார்த்தது. சொன்ன தேதியில் வண்டி வரவும் இல்லை, போன் செய்தால் "இன்னிக்கு முடிஞ்சுருமுங்க" என்பதுதான் நிரந்தரப் பதில்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அமைப்போடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஸ்டெப்னி முன்பும் வெளியேதானே இருந்தது என்று நாம் வாதாடலாம், செக்போஸ்டில் நிற்பவர் கேட்பாரா என்பது அவர் மனநிலையைப் பொறுத்தது. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போகும்போது நான் கேரியரைக் கழற்றி ஒரிஜினல் கதவை மாட்டிக்கொண்டு போவதாகத்தான் இருக்கிறேன், எல்லாம் போல்ட் வேலை என்பதால் முடியும். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் வீலுக்குப் பின்னால் மறையாமல் இருக்கிறதா என்று பட்டறையிலேயே பத்தடி தள்ளி நின்று பார்த்துவிடுங்கள்.

புதுப்பேட்டைக் கதவின் விலை தவிர்த்து எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்க்குள் முடிந்தது. கேரியர் மட்டும் என்றால் அதில் பாதியைவிடக் கொஞ்சம் கூட ஆகும். அதற்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம், பெயின்ட்டை மட்டும் வேறு இடத்தில் அடித்துக்கொள்ளுங்கள். கதவையும் மாற்றுவதாக இருந்தால் வண்டியின் பின்னால் யார் உட்காரப்போகிறார்கள் என்று மாஸ்டர் முதலில் கேட்பார். ஆள் உட்காருவார்கள் என்று சொன்னால் எடுத்துக்கொள்ள மாட்டார்.